பேட்ச் போடாத ரிவால்வருக்கு ஏன் விலை அதிகம்?

போன வருஷம் என்னோடு ஒரே டீமில் வேலை செய்யும் அமெரிக்க நண்பர் ஒருவர் நாலைந்து ஃபோட்டோ அனுப்பியிருந்தார். அவருடைய அப்பா இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டை ஒழுங்குபடுத்தும்போது, துணி அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய துண்டில் சுற்றி ஒரு பெரிய ரிவால்வர் இருந்திருக்கிறது. ரூகர் கம்பெனியின் சூப்பர் பிளாக்ஹாக், .44 மேக்னம். நான் எதையாவது தோண்டிக்கொண்டே இருப்பவன் என்று அவருக்குத் தெரியும். இது என்ன மாதிரி, என்ன விலை பெறும் என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

நான் வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனால் அவர் கூடவே சொன்ன ஒரு விஷயம் என்னை இழுத்துவிட்டது. ஊரில் இருக்கும் துப்பாக்கிக் கடைக்காரர், "இதை கம்பெனிக்கு அனுப்புங்க, பாதுகாப்புக்கான ஒரு பாகத்தை இலவசமாக மாட்டித் தருவாங்க" என்றாராம். அதே கடையில் நின்றிருந்த இன்னொருவர், "அனுப்பிடாதீங்க, விலை போயிடும்" என்றாராம்.

ஒரு பொருளைப் பாதுகாப்பாக மாற்றினால் அதன் விலை எப்படிக் குறையும்? அதைத் தேடப் போய் சேர்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

பெரிய காலிபர் என்றால் எவ்வளவு பெரியது?

காலிபர் என்பது தோட்டாவின் விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் கணக்கு. .44 என்றால் 0.44 அங்குலம் என்று நினைப்போம், உண்மையில் .44 மேக்னம் தோட்டாவின் விட்டம் 0.429 அங்குலம்தான், கிட்டத்தட்ட 10.9 மில்லிமீட்டர். பெயர் வைப்பதில் துப்பாக்கிக்காரர்களும் நம்ம சாஃப்ட்வேர்காரர்கள் மாதிரிதான்.

ஆற்றலில் பார்த்தால் வித்தியாசம் புரியும். போலீஸ்காரர்கள் பரவலாக வைத்திருக்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் தோட்டாவின் ஆற்றல் சுமார் 500 ஜூல். .44 மேக்னம் சுமார் 1,300 ஜூல். 1983-இல் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த .454 கசுல் ரிவால்வர் 2,000 ஜூலைத் தாண்டும். 2003-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வெளியிட்ட மாடல் 500, மூவாயிரத்தையும் தாண்டிப் போகும். அதன் நீளமான பேரல் உள்ள வகை 2 கிலோ எடை. சிலிண்டரில் ஆறு தோட்டாவுக்கு இடம் கிடையாது, ஐந்துதான்.

நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே யாருக்கும் விலக்கு தருவதில்லை. அந்த ஆற்றலோடு முன்னால் ஒன்று போனால், அதற்கேற்ற உதை கைக்கு வரும். செகண்ட் ஹேண்ட் சந்தையைப் புரிந்துகொள்ள இந்த உதைதான் முதல் சாவி.

சந்தைக்கு எப்படி வருகிறது?

இந்த வகை ரிவால்வர்கள் பழைய சந்தைக்கு முக்கியமாக இரண்டு வழியில் வருகின்றன.

முதல் வழி, ஆசைப்பட்டு வாங்கி, ஒரு தடவை சுட்டுப் பார்த்து, மணிக்கட்டு வலியோடு திரும்பக் கொடுப்பவர்கள். அமெரிக்கக் கடைக்காரர்களிடம் ஒரு பழைய ஜோக் உண்டு: பெரிய மேக்னம் விற்க வருகிறவர் கூடவே 50 தோட்டா பெட்டி ஒன்றையும் கொண்டுவருவார், அதில் ஆறு மட்டும் குறைந்திருக்கும். மாடல் 500 என்றால் ஐந்து குறைந்திருக்கும். இதனால்தான் புது தலைமுறை மாடல்கள், ஏறக்குறைய புதுசு மாதிரியே, அசல் பெட்டியோடு கிடைக்கின்றன. சக்தி அதிகமாக ஆக, தேய்மானம் குறைவான பழைய துப்பாக்கி கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்!

இரண்டாவது வழி, என் நண்பரின் வீட்டில் நடந்தது. 1950-களிலிருந்து 70-கள் வரை வாங்கிய தலைமுறை மறையும்போது, அலமாரியில் இருந்ததெல்லாம் பிள்ளைகள் கைக்கு வருகிறது. அமெரிக்கச் சட்டப்படி மாநிலம் விட்டு மாநிலம் கைத்துப்பாக்கி விற்க வேண்டுமானால் உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் வாரிசு உரிமையாக வருவதற்கு மத்திய சட்டம் அதில் விலக்கு தருகிறது.

சட்டத்தில் சேகரிப்பாளர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. (கலெக்டர் என்று எழுதினால் நம்மூரில் மாவட்ட ஆட்சியர் ஞாபகம் வந்துவிடும், அதனால் சேகரிப்பாளர் என்றே எழுதுகிறேன்.) தயாரித்து 50 வருஷம் ஆன, அசல் நிலையில் இருக்கும் துப்பாக்கி அங்கே 'அரும்பொருள்' என்ற வகையில் சேரும். அதற்கென்று மூன்று வருஷத்துக்கு 30 டாலர் கட்டி ஒரு தனி உரிமம் வாங்கினால், அந்த வகைத் துப்பாக்கியை வேறு மாநிலத்திலிருந்துகூட நேராக வீட்டுக்கே வரவழைக்கலாம். மாநிலச் சட்டம் தடுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 50 வருஷக் கோடு ஒவ்வொரு ஆண்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதாவது ஒவ்வொரு வருஷமும் ஒரு புது பேட்ச் துப்பாக்கிகள் தானாகவே அந்த வட்டத்துக்குள் வந்து விழுகின்றன. 1970-களின் .44-கள் இப்போது வரிசையாக உள்ளே வந்துகொண்டிருப்பது இப்படித்தான்.

சக்தி வேறு, விலை வேறு

ஆரம்பத்தில் நான் ஒரு தப்பான கணக்கோடுதான் தேடினேன். சக்தி கூடினால் விலையும் கூடும் என்று நினைத்தேன். அப்படி இல்லவே இல்லை.

1935-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .357 மேக்னத்தை அறிமுகம் செய்தபோது ஒவ்வொரு துப்பாக்கியையும் வாங்குபவரின் விருப்பப்படி செய்து கொடுத்தார்கள். பேரல் நீளம், சைட், பிடி எல்லாம் நாமே தேர்ந்தெடுக்கலாம். வாங்கியவர் பெயரைப் பதிவு செய்து ஒரு சான்றிதழும் தருவார்கள். அதனால் இதற்கு 'ரெஜிஸ்டர்ட் மேக்னம்' என்று பெயர். விலை 60 டாலர், பொருளாதார மந்தக் காலத்தில் அது பெரிய காசு. முதல் துப்பாக்கி எஃப்பிஐ தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்குப் போனது. 1930-களின் கடைசியில் இந்த முறையை நிறுத்தும்வரை செய்தது ஐயாயிரத்துச் சொச்சம்தான். இன்றைக்கு நல்ல நிலையில் ஒன்று வந்தால் பல ஆயிரம் டாலர் போகிறது. மாடல் 500-இன் ஆற்றலில் பாதிகூட இதற்குக் கிடையாது, ஆனால் மாடல் 500 இதன் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

இதற்கும் முன்னால் போனால் 1847-இன் கோல்ட் வாக்கர். டெக்சஸ் ரேஞ்சராக இருந்த சாமுவேல் வாக்கரின் யோசனைப்படி சாமுவேல் கோல்ட் செய்த 2 கிலோ ராட்சசன். மொத்தம் செய்ததே சுமார் 1,100. அதில் ராணுவத்துக்குப் போகாமல் தனியார் ஒருவர் வாங்கிய ஒன்று, அசல் மரப்பெட்டியோடு 2018-இல் ஏலத்துக்கு வந்து 18.4 லட்சம் டாலருக்குப் போனது.

இந்த வாக்கரில் ஒரு 'பக்' இருந்தது என்பதுதான் வேடிக்கை. அன்றைய உலோகத்தின் தரத்துக்கு அதன் சிலிண்டரில் கொட்டும் கருமருந்து ரொம்ப அதிகம். பல சிலிண்டர்கள் வெடித்தன. அடுத்த வருஷமே சிலிண்டரைச் சின்னதாக்கி டிராகூன் என்று புது மாடல் விட்டார்கள். சுடுபவருக்கு டிராகூன் நல்லது. சேகரிப்பாளருக்கு வாக்கர்தான் வேண்டும்.

வெர்ஷன் நம்பர் படிப்பது

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களின் மாடல் எண் எனக்கு ரொம்பவும் பழகிய வடிவத்தில் இருந்தது. மாடல் 29 என்பது அவர்களுடைய .44 மேக்னம். அதற்குப் பின்னால் ஒரு கோடு போட்டு 29-1, 29-2, 29-3 என்று போகும். இன்ஜினியரிங்கில் ஏதாவது மாற்றம் செய்யும்போது கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண் கூடும். அப்படியே நம்ம ரிலீஸ் நம்பர் மாதிரி. சிலிண்டரைத் திறந்தால், ஃப்ரேமில் கிரேன் மடங்கும் இடத்தில் அந்த எண் பொறித்திருக்கும்.

முதல் .44 மேக்னம் ரிவால்வர் முடிந்தது 1955 டிசம்பரில். எல்மர் கீத் என்ற எழுத்தாளர் பழைய .44 ஸ்பெஷல் துப்பாக்கிகளில் மருந்தை அதிகம் போட்டுப் பல வருஷம் பரிசோதித்து, இப்படி ஒன்று வேண்டும் என்று நச்சரித்ததன் விளைவு அது. ரெமிங்டன் தோட்டா செய்தது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கி செய்தது. 1957-க்கு முந்தையவற்றில் மாடல் எண்ணே இருக்காது. சேகரிப்பாளர்கள் அதை 'ப்ரீ-29' என்பார்கள். அதிலும் ஃப்ரேமில் ஐந்து ஸ்க்ரூ இருக்கும் முதல் ஈடு என்றால் தனி மரியாதை. அப்புறம் ஒரு ஸ்க்ரூவை எடுத்தார்கள், பின்னால் இன்னொன்றையும் எடுத்தார்கள். நம்பமாட்டீர்கள், ஒரு ஸ்க்ரூ கூட இருப்பதற்கு மனிதர்கள் பெரும் பணம் கொடுக்கிறார்கள்.

1982 வாக்கில் 29-3 வந்தபோது பேரலைப் பிடிக்கும் குறுக்குப் பின்னையும், தோட்டாவின் விளிம்பு உள்ளே பதியும் சிலிண்டர் பள்ளத்தையும் கைவிட்டார்கள். செலவைக் குறைக்கும் மாற்றம். அதனால் அதற்கு முந்தைய 29-2-களுக்கு இன்று மதிப்பு கூடுதல்.

இன்னொரு பக்கம், 1970, 80-களில் உலோக உருவங்களைத் தூரத்திலிருந்து சுட்டு விழுத்தும் போட்டிகள் பிரபலமாயின. போட்டிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் பலமான தோட்டாக்களைச் சுட்டதில் மாடல் 29 சீக்கிரம் தளர்ந்தது. சுடும்போது சிலிண்டரின் பூட்டு விலகி அது பின்னோக்கிச் சுழல்வதும் நடந்தது. 1980-களின் கடைசியில் கம்பெனி உள்பாகங்களைப் பலப்படுத்தியது. 1990-இன் 29-5-இல் சிலிண்டரைப் பிடிக்கும் பள்ளத்தையே நீளமாக்கினார்கள். நிறையச் சுட வேண்டும் என்பவருக்கு இந்தப் பிந்தைய துப்பாக்கிகள்தான் சரி. சேகரிப்பாளரோ 29-2-ஐத்தான் தேடுவார்.

அடுத்து 2001. சிலிண்டரைத் திறக்கும் பொத்தானுக்கு மேலே ஒரு சின்ன சாவித் துளை வந்தது. குழந்தைகள் கையில் கிடைத்தாலும் இயக்க முடியாதபடி சாவியால் பூட்டிவைக்கும் ஏற்பாடு. சேகரிப்பாளர்களுக்கு அந்தத் துளை கண்ணில் விழுந்த தூசி மாதிரி. விற்பனை விளம்பரங்களில் 'பூட்டுக்கு முந்தையது' என்று தனியாகவே எழுதுகிறார்கள்.

இப்போது ஒரு வடிவம் தெரிகிறதல்லவா? வாக்கர், 29-2, பூட்டில்லாத 29. மூன்றிலும் திருத்தத்துக்கு முந்தைய வெர்ஷன்தான் விலை போகிறது.

சினிமாவும் உற்பத்தி நிறுத்தமும்

கிடைப்பதும் கிடைக்காததும் தொழிற்சாலை மட்டும் தீர்மானிப்பதில்லை. 1971 டிசம்பரில் 'டர்ட்டி ஹாரி' படம் வந்தது. கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் மாடல் 29. அதுவரை வேட்டைக்காரர்கள் மட்டும் வாங்கிக்கொண்டிருந்த துப்பாக்கி, கடைகளில் குறித்த விலையைவிட அதிகத்துக்குப் போனது. படத்தின் காலத்தில் இருந்த 6½ அங்குல பேரலை 1979-இல் 6 அங்குலமாக மாற்றிவிட்டார்கள். அந்த அரை அங்குலத்துக்கும் இன்று ஆள் இருக்கிறார்கள்.

கோல்ட் கம்பெனியின் கதை வேறு மாதிரி. 1955-இல் தொடங்கிய பைத்தான், .357 காலிபர்தான், ஆனால் கையால் தேய்த்து மெருகேற்றிய அதன் நீலப் பூச்சுக்குப் பெயர் போனது. 2000-களின் நடுவில் முழுக்க நின்றுபோனது. 2010-இல் தொடங்கிய 'தி வாக்கிங் டெட்' தொடரின் நாயகன் கையில் அது இருந்ததும் விலையைத் தூக்கியது. அதன் .44 அண்ணன் அனகோண்டா, 1990-இல் வந்து அதே காலகட்டத்தில் நின்றது. பிறகு 2020-இல் புது பைத்தான், 2021-இல் புது அனகோண்டா என்று கம்பெனியே மறுபடி செய்ய ஆரம்பித்தது. சுட மட்டும் ஒன்று வேண்டும் என்று பழைய அனகோண்டாவைத் துரத்திக்கொண்டிருந்தவர்களுக்கு இனி வேறு வழி இருக்கிறது. பழையதேதான் வேண்டும் என்பவர்கள் மட்டும் பழையதிடம் போவார்கள். கிடைக்காமை என்பது ஒரு போர்டு மீட்டிங்கில் மாறக்கூடிய விஷயம். பழமை அப்படி மாறாது.

அசல் என்பதைப் பார்ப்பது எப்படி?

மதிப்பைக் கொல்லும் முதல் எதிரி மறுபூச்சு. தேய்ந்த துப்பாக்கியைப் பாலிஷ் போட்டு மறுபடி நீலம் ஏற்றினால் பளபளப்பு வரும், விலை விழும். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும். ஸ்க்ரூ துளையைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி லேசாகக் குழிந்திருக்கும். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் நீலத் துப்பாக்கிகளில் ஹேமரும் ட்ரிக்கரும் தனியாகப் பதப்படுத்தி, பலநிறத் திட்டுகளோடு இருக்கும். அவையும் நீலமாக இருந்தால் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது கடிதம். சீரியல் எண்ணைக் கொடுத்தால், எந்தத் தேதியில், எந்த ஊர்க் கடைக்கு, எந்த நிலையில் அனுப்பப்பட்டது என்று பழைய ஏடுகளைப் பார்த்துக் கட்டணத்துக்குக் கடிதம் தருகிறார்கள். கோல்ட்டுக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கும் இந்த ஏற்பாடு உண்டு. நம்மூரில் நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்ப்பது போலத்தான்.

சரி, நண்பரின் துப்பாக்கி?

சூப்பர் பிளாக்ஹாக் 1959-இல் வந்த மாடல். நண்பர் அனுப்பிய ஃபோட்டோவில் ஃப்ரேமின் பக்கவாட்டில் மூன்று ஸ்க்ரூ தெரிந்தது. 1973-க்குப் பிந்தையது என்றால் அங்கே இரண்டு பின்தான் இருக்கும். ஆக இது பழைய மாடல்.

பழைய மாடலில் என்ன பிரச்சினை? ஹேமர் முழுக்கக் கீழே இருக்கும்போது அது ஃபயரிங் பின்மேல் நேராக உட்கார்ந்திருக்கும். அந்தப் பின்னுக்கு எதிரே ஒரு தோட்டா இருந்தால், துப்பாக்கி கை நழுவி ஹேமர் தரையில் மோதும்படி விழுந்தாலே போதும், வெடித்துவிடலாம். ட்ரிக்கரைத் தொடவே வேண்டாம். இது எல்லோருக்கும் தெரிந்த குறை என்பதால்தான் ஒரு பழைய விதி இருந்தது: ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி அறையின்மேல் ஹேமரை இறக்கி வை.

1973-இல் ரூகர் 'நியூ மாடல்' என்று மாற்றியது. ஹேமருக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு சின்ன உலோகப் பட்டை. ட்ரிக்கரை இழுத்தால் மட்டும் அது மேலே வந்து அடியைக் கடத்தும். இழுக்காவிட்டால் ஹேமர் பின்னைத் தொடவே முடியாது. அதற்கு முன் 1953 முதல் 1972 வரை செய்த இந்த வகை ரிவால்வர்களையும் அனுப்பினால், அதே மாதிரிப் பட்டையை இலவசமாக மாட்டி, கழற்றிய அசல் பாகங்களையும் திருப்பித் தருகிறது கம்பெனி. கடைக்காரர் சொன்னது இதைத்தான். கடையில் நின்றவர் சொன்னதும் பொய்யில்லை. மாற்றாத பழைய மாடலுக்குச் சேகரிப்பாளர் கூடக் கொடுப்பார். சூப்பர் பிளாக்ஹாக் நிறையச் செய்த துப்பாக்கி என்பதால் வித்தியாசம் ரொம்பப் பெரிதாக இருக்காது. 1956 முதல் 1963 வரை வந்த தட்டை ஃப்ரேம் .44 பிளாக்ஹாக் என்றால் இன்னும் யோசிக்க வேண்டியிருக்கும்.

நான் அவரிடம் முதலில் கேட்டது, தோட்டா உள்ளே இருக்கிறதா என்றுதான். அவர் தொடாமல் கடைக்காரரை விட்டுத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறார். சிலிண்டரில் ஐந்து தோட்டா இருந்தது. ஹேமருக்குக் கீழே இருந்த அறை காலி.

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எனக்கு வேலை ஓடவில்லை. அந்தப் பெரியவருக்கு விதி தெரிந்திருந்தது. கடைசிவரை அதன்படியே வைத்திருந்தார். ஆனால் அந்த விதி அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது, வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. சாஃப்ட்வேரில் நாங்கள் இதைத் தினமும் பார்க்கிறோம். கோடில் இருக்கும் ஓட்டையை ஒரு ஆளின் பழக்கம் மூடிக்கொண்டிருக்கும். அந்த ஆள் வேலையை விட்டுப் போன பிறகுதான் ஓட்டை இருந்ததே மற்றவர்களுக்குத் தெரியும்.

நான் எழுதியது இவ்வளவுதான்: விற்பதாக இருந்தால் அப்படியே, தோட்டா இல்லாமல், விஷயம் தெரிந்தவருக்கு விற்கலாம். வீட்டிலேயே வைத்திருந்து எப்போதாவது சுடுவதாக இருந்தால் மாற்றிவிடுங்கள், திரும்பி வரும் பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். அவர் தன் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மா, அப்பாவுடையதை விற்கப் போவதில்லையே, அப்புறம் விலையைப் பற்றி என்ன கவலை என்றாராம்.

துப்பாக்கி போய் வந்துவிட்டது. பழைய ஹேமரும் ட்ரிக்கரும் ஒரு பிளாஸ்டிக் கவரில் வந்தன. என்றைக்காவது பேரப்பிள்ளைகளில் யாராவது அதை எடுத்துப் பார்ப்பார்கள் என்று, அது எந்தத் துப்பாக்கியுடையது, ஏன் கழற்றினோம் என்று ஒரு தாளில் எழுதிக் கவருக்குள்ளேயே வைத்திருக்கிறார். கீழே ஐந்து தோட்டா விதியையும் எழுதியிருக்கிறாராம்.